பதினேழாவது துணுக்கு

வேங்கிக்காலில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் 'திரைத்துணுக்கு மெய்யறிதல் மையம்' என்று பலகை மாட்டியபோது, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரைத் தவிர யாரும் சந்தோஷப்படவில்லை. அவருக்கு மட்டும் இனி வரப்போகும் நல்ல காலம் தெரிந்திருந்தது.

மையத்தின் வேலை, சினிமாவைப் பற்றி ஊரில் உலவும் 'உங்களுக்குத் தெரியுமா' செய்திகளைச் சேகரித்து, சரிபார்த்து, முத்திரை குத்துவது. அந்தக் காட்சியில் நடிகர் நிஜமாகவே அடி வாங்கினார், அந்த நாய்க்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள் என்பது போன்ற செய்திகள் முத்திரை இல்லாமல் திரிவது சமூகத்துக்கு நல்லதல்ல என்று யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு மையம் என்று ஏற்பாடு. திருவண்ணாமலை மையத்தின் பொறுப்பில் வந்த முதல் படம் 'அப்பா ஐஸ்ல இருக்காரு'.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேங்கிக்காலிலேயே, யாரும் குடிவராத ஒரு புது வீட்டில் இருபத்திரண்டு நாளில் எடுத்த படம் அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் செத்துப்போகிறார். வெளிநாட்டிலிருந்து மூத்த மகன் வரும்வரை உடம்பை ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். அந்த மூன்று நாளில் மற்ற பிள்ளைகளும் மருமகள்களும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பெட்டியைத் திறந்து, பிணத்தின் கட்டைவிரலில் மை தடவி, ஆளுக்கொரு பத்திரத்தில் ரேகை எடுத்துக்கொள்கிறார்கள். பாடை கிளம்பும்போது அப்பாவின் கை மணிக்கட்டு வரை நீலமாக இருக்கும். படம் வந்தபோது தியேட்டரில் ஆளில்லை. பிறகு டிவியில் போட்டுப் போட்டு, கடைசியில் இழவு வீட்டிலேயே அந்தப் படத்து வசனத்தைச் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு ஊரெல்லாம் பரவிவிட்டது.

அந்தப் பிணமாக நடித்தவர் அப்பாசாமி.

அவர் நடிகர் இல்லை. சாமியானா, சேர், அண்டா, ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தல் போட்டுப் போட்டுத் தோள் இறங்கிப்போன மனிதர். படப்பிடிப்புக்கு ஐஸ் பெட்டி கொண்டுபோய் இறக்கினார். பிணமாக நடிக்க கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த நாடக நடிகர் ஒரு மணி நேரம் படுத்திருப்பதற்குள் அவர் வீட்டம்மா ஆட்டோவில் வந்து, கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வயரைச் சொருகிக்கொண்டிருந்த அப்பாசாமியிடம் கண்ணைக் கொஞ்சம் மூடிக் காட்டச் சொன்னார். மூடினார். அவ்வளவுதான் தேர்வு. ஆறு நாள் படுத்துக் கிடந்தார்.

மையம் வெளியிடப்போகும் புத்தகத்துக்கான அறுபது துணுக்குகளை முதலில் இணையத்தில் போட்டு, மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவித்தார்கள். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் அப்பாசாமியின் மகள் ஆர்த்தி அதை அவர் ஃபோனுக்கு அனுப்பிவைத்தாள். அப்பாசாமி கடையில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நான்காவது துணுக்கு, விரலில் இருந்த மை போகப் பன்னிரண்டு நாள் ஆனது என்றது. ஆனது பத்தொன்பது நாள். போகட்டும் என்று விட்டார். ஒன்பதாவது, ஐஸ் பெட்டி சிங்கப்பூரிலிருந்து தருவிக்கப்பட்டது என்றது. அது ஆரணியிலிருந்து வந்தது, இன்னும் கடையின் பின்பக்கம்தான் இருக்கிறது. சிரித்துக்கொண்டார். பதினேழாவதைப் படித்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

'படத்தின் புகழ்பெற்ற ஒப்பாரி, கதாசிரியரின் மூன்று மாத ஆய்வில் உருவானது. சென்னையின் பின்னணிக் குரல் கலைஞர் ஒருவர் பதினோரு முறை முயன்று பாடினார்.'

ஒப்பாரி அவர் மனைவி சரோஜாவுடையது.

படப்பிடிப்பில் அவர் பிணமாகப் படுத்த நான்காம் நாள் மத்தியானம் அது நடந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆள் வரவில்லையே என்று சரோஜா தூக்குச்சட்டியோடு படப்பிடிப்பு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் கூட்டம். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், மூக்கில் பஞ்சும் கழுத்தில் மாலையுமாகப் புருஷன் கண்ணாடிக்குள் கிடக்கிறான். நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாளெல்லாம் அதைச் சொல்லித்தான் கேலி செய்துகொண்டிருந்தாள். ஆனால் பார்த்ததும் பெட்டியருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்குச்சட்டியை ஓரமாக வைத்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

'கல்யாண வூட்டுல நாலு சேர் கொறைஞ்சா நாலு ஊரு தேடுவியே, நீயே கொறைஞ்சிட்டா நான் எந்த ஊரு தேடுவேன். சோத்த மூடி எடுத்தாந்தேனே, தொறக்க ஆளில்லையே.'

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் நிறுத்தச் சொல்ல மறந்துபோனார். அப்பாசாமிக்கு உள்ளே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பிணமாக இருந்ததால் அழ முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரோஜாவுக்கே சுரணை வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இவரை எப்போது விடுவீர்கள், சோறு ஆறுகிறது என்று டைரக்டரிடம் கேட்டாள்.

படத்தில் அந்த இடம் வந்தால் முதல் வரிக்கு எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டாவது வரிக்குச் சத்தம் இருக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் சரோஜா போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை, அப்புறம் கிட்னி. கடையிலிருந்து அதே பெட்டியை அப்பாசாமிதான் எடுத்துவந்து வயர் சொருகினார். அவள் குரல் வேறு எங்கும் இல்லை. அவர்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கவில்லை. ஃபோனில் பேசியதை யாரும் பிடித்து வைக்கவில்லை. இருப்பதெல்லாம் படத்தில் வரும் அந்த நாற்பது விநாடிதான். அதையும் இப்போது முத்திரை குத்தி வேறொருத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள்.

மறுநாளே அவர் மாடி ஏறினார். மையத்தில் மூன்று மேசை, இரண்டு பீரோ, உதவியாளராக எழிலரசி என்ற பெண். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு 'துணுக்கு மறுப்பு விண்ணப்பம், படிவம் நான்கு' என்ற தாளை எடுத்தாள். படத்தில் அவருடைய பங்கு என்ன என்று கேட்டாள்.

“பொணம்மா” என்றார் அப்பாசாமி.

படிவத்தில் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர், பார்வையாளர், மற்றவை என்று நான்கு கட்டம்தான் இருந்தது. நடிகர் என்று போட வசனம் பேசியிருக்க வேண்டுமாம். எழிலரசி யோசித்து 'மற்றவை'யில் டிக் அடித்தாள். மனைவியின் இறப்புச் சான்று வேண்டும் என்றாள். கூடவே அவர் உயிரோடு இருப்பதாக கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும், திரையில் இறந்தவர்கள் விஷயத்தில் மையம் மிகவும் கவனமாக இருக்கிறது என்றாள். சொல்லும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

உயிர்ச் சான்று வாங்க நான்கு நடை ஆனது. முதல் நடையில் அதிகாரி இல்லை. இரண்டாம் நடையில் அதிகாரி இருந்தார், சீல் இல்லை. மூன்றாம் நடையில் அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்ததில் மணி ஐந்தாகிவிட்டது. நான்காம் நடையில் கிடைத்தது. எல்லாவற்றையும் மூன்று நகல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். இரண்டு சான்றையும் ஒரே குண்டூசியில் குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. விசாரித்தவர் மெய்யறிதல் அலுவலர் முனைவர் புகழேந்தி. சினிமாவில் கதவு தட்டும் காட்சிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அதனாலோ என்னவோ அவர் அறைக்கு எப்போது போனாலும் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

“பெரியவரே, நீங்க பொணமா சரியா நடிச்சீங்களா, இல்லியா?” என்று அவர் ஆரம்பித்தார்.

சரியாகத்தான் நடித்ததாக அப்பாசாமி சொன்னார்.

“அப்ப உங்களுக்கு எதுவும் கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருந்தா நீங்க சரியா நடிக்கல. சரியா நடிக்காதவர் சாட்சிய நாங்க எப்படி ஏத்துக்கறது?”

அப்பாசாமி அந்தக் குரல் கலைஞரையே கேட்டுப் பார்க்கலாமே என்றார். கேட்டாகிவிட்டதாம். தனக்கு அப்படி ஒன்று பாடிய ஞாபகமே இல்லை என்று அந்த அம்மாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாபகம் இல்லை என்றால் மறுக்கவில்லை என்று பொருள், மறுக்காதது சம்மதம் என்றார் புகழேந்தி.

கடைசியாக அப்பாசாமி ஒன்று கேட்டார். படத்தில் செத்துப்போனவர் வாத்தியார். வாத்தியார் பெண்டாட்டி எதற்காக சேர் குறைவதைச் சொல்லி அழப்போகிறாள்? சேரைத் தேடி ஊர் ஊராக அலைகிறவன் தான்தானே?

புகழேந்தியின் முகம் மலர்ந்தது. பதினெட்டாவது துணுக்கே அதற்காகத்தான் இருக்கிறது என்றார். “சேருன்னா நாற்காலி. நாற்காலின்னா அதிகாரம். அதிகாரத்துக்கு அலையுற சமூகத்தத்தான் அந்த வரி சாடுது. நானே கண்டுபிடிச்சது. ரெண்டு கருத்தரங்குல வாசிச்சிருக்கேன்.”

அப்பாசாமி எழுந்து வந்துவிட்டார். அன்று பௌர்ணமி. ராஜகோபுரத்துத் தெருவில் நூற்றிருபது சேர் இறக்க வேண்டியிருந்தது. இறக்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளாஸ்டிக்தான்.

இத்தோடு விட்டுவிடலாம் என்று ஆர்த்தி சொன்னாள். அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. ஆனால் மையம் விடுவதாக இல்லை. சாட்சியின் காது பற்றிச் சந்தேகம் எழுந்தால் 'கேட்புத்திறன் கள ஆய்வு' நடத்தியே தீர வேண்டும் என்று விதி இருக்கிறதாம். விண்ணப்பதாரர் தன் சொந்தச் செலவில் ஐஸ் பெட்டி கொண்டுவர வேண்டும். லோடு ஆட்கள் இரண்டு பேரோடு, டைல்ஸ் கடையின் குறுகலான படியில் அதைச் சாய்த்தும் நிமிர்த்தியும் அப்பாசாமி மாடிக்கு ஏற்றினார். யார் செத்தது என்று டைல்ஸ் கடை முதலாளி கேட்டார். இன்னும் யாரும் இல்லை என்றார் இவர்.

ஆய்வுக்குப் புகழேந்தியும், அறுபது துணுக்குக்கும் கையெழுத்துப் போட்ட குழுவின் உறுப்பினர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அப்பாசாமி கையில் அட்டையும் பேனாவும் கொடுத்துப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். தாளில் வரிசை எண், இரட்டைப் பிரதி, கீழே அலுவலர் கையெழுத்தும் மையத்தின் முத்திரையும் முன்கூட்டியே போட்டிருந்தன. கடைசி நேரத்தில் தடுமாறாமல் இருக்க எல்லாத் தாளிலும் முதலிலேயே முத்திரை குத்தி வைப்பது மையத்தின் பழக்கம். 'காதில் விழும் அனைத்தையும் விடாமல் எழுதவும்' என்று மேலே அச்சிட்டிருந்தது.

கண்ணாடி மூடியது. புகழேந்தி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, டெண்டர் அறிவிப்பைப் படிப்பது போல ஒப்பாரியைப் படித்தார். பிறகு டீ வந்தது. டீயோடு வடையும் வந்ததால் பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அப்பாசாமி சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். எழுதிக்கொண்டே இருந்தார்.

கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிவதைக் கவனித்து எழிலரசிதான் ஓடிவந்து திறந்தாள். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வாக்குமூலத்தைக் குழுவின் முன் உரக்க வாசிக்க வேண்டும் என்பது விதி. அவள் தாளை வாங்கி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

“கல்யாண வீட்டில் நாலு சேர் குறைந்தால் நாலு ஊர் தேடுவியே. டீயில சக்கர ஜாஸ்தி. வட நேத்துப் போட்டது. இந்தாளு கெடக்கட்டும், உள்ள ஒண்ணும் கேக்காது. நிராகரிப்பு ஆர்டர் போன செவ்வாக்கிழமையே டைப் பண்ணியாச்சு, தேதி மட்டும் போடணும். அறுபதுல ஒண்ணு பொய்யின்னு ஒத்துக்கிட்டா மீதி அம்பத்தொம்பதயும் கேள்வி கேப்பான். நான் எதையுமே படிச்சிப் பாக்காமதான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும்தானே சார். நானும்தான்.”

கீழே கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

புகழேந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, விண்ணப்பதாரரின் கேட்புத்திறன் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாவதாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அந்தத் தாளைக் கிழிக்க முடியாது, வரிசை எண் உண்டு. கோப்பில் வைக்கவும் முடியாது, யாராவது படித்துவிடலாம். மூன்று பேரும் பால்கனிக்குப் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார்கள். பதினேழாவது துணுக்கை மாற்றிவிடலாம், பெரியவர் அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

“அவ பேரு வருமாங்க?” என்று அப்பாசாமி கேட்டார்.

வரும் என்றார்கள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கீழே இறக்கினார்.

புத்தக வெளியீட்டு விழா போளூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அழைப்பிதழ் அப்பாசாமிக்கு வரவில்லை. முந்நூறு சேருக்கு ஆர்டர் வந்தது. காலையிலேயே வரிசையாகப் போட்டுவிட்டு, பின்பக்கம் தூண் ஓரமாக ஆர்த்தியோடு உட்கார்ந்துகொண்டார். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எண்பது பேர் வந்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் மேடையில் இருந்தார்கள்.

சென்னையிலிருந்து வந்திருந்த, எல்லா மையங்களுக்கும் தலைமை இயக்குநரான இளஞ்செழியன் முக்கால் மணி நேரம் பேசினார். “இந்த மையம் தொடங்கும்போது இந்தப் படத்தைப் பற்றி மக்களிடம் நான்கே நான்கு துணுக்குகள்தான் இருந்தன. இன்று அறுபது. இதைத்தான் வளர்ச்சி என்கிறோம்” என்றார். கைத்தட்டினார்கள். “பலர் என்னைக் கேட்கிறார்கள், ஐயா இந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை. பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும். எங்கள் ஊழியர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்றே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறேன்.” இதற்கு இன்னும் பலமாகக் கைத்தட்டினார்கள். புகழேந்தி எழுந்து நின்று தட்டினார்.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே புத்தகத்தை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். ஆர்த்தி அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். பதினேழாவது துணுக்கைக் கண்டுபிடித்து ஒரு முறை படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

'படத்தின் புகழ்பெற்ற ஒப்பாரி யாரும் எழுதியதல்ல. பிணமாக நடித்த அப்பாசாமியின் மனைவி சரோஜா, படப்பிடிப்புக்கு உணவு கொண்டுவந்த இடத்தில் தாமாகவே பாடியது. அப்பாசாமி இரண்டு ஆண்டுகளுக்கு முன் உடல்நலக் குறைவால் காலமானார். சரோஜா திருவண்ணாமலையில் நலமாக வசித்து வருகிறார்.'

ஆர்த்தி நேராக எழிலரசியிடம் போனாள். எழிலரசி படித்துவிட்டு நெற்றியில் கைவைத்துக்கொண்டு வந்தாள். ஒரே குண்டூசியில் இரண்டு சான்றும் இருந்ததால் டைப் செய்தவர் மாற்றிப் படித்திருக்க வேண்டும் என்றாள். இதைத் திருத்த முடியும். படிவம் ஏழு கொடுக்க வேண்டும். கொடுத்தால் விசாரணை முடியும்வரை பதினேழாவது துணுக்கின் மேல் தாள் ஒட்டி மறைத்துவிடுவார்கள். அடுத்த பதிப்பில் சரியாக வரும். அடுத்த பதிப்பு எப்போது என்று ஆர்த்தி கேட்டாள். எழிலரசி மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மையத்தையே இந்த மார்ச்சோடு மூடப்போவதாகப் பேச்சு இருக்கிறது என்று மெல்லச் சொன்னாள்.

“அப்ப திருத்தம் கேட்டா அம்மா பேரு போயிடும், அப்படித்தானே?” என்றாள் ஆர்த்தி.

எழிலரசி தலையாட்டினாள்.

அப்பாசாமி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த நான்கு வரியையும் விரலால் தடவியபடி மறுபடி படித்தார். நலமாக வசித்து வருகிறார் என்ற இடத்தில் விரல் நின்றது. இரண்டு வருஷமாக அவளைப் பற்றி யார் பேசினாலும் 'இருந்தாங்க', 'செஞ்சாங்க', 'சொன்னாங்க' என்றுதான் கேட்டிருக்கிறார். வருகிறார் என்று யாரும் சொன்னதில்லை.

“வேணாம்மா, வுட்டுடு” என்றார். “நான் போனவனாவே இருந்துட்டுப் போறேன். அவ இருக்கட்டும்.”

ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டால் தனக்குப் பிரச்சினை வராது என்று எழிலரசி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் பேனாவை எடுத்தார். அவளுக்குச் சட்டென்று விதி ஞாபகம் வந்துவிட்டது. புத்தகப்படி அவர் காலமானவர், அவர் கையெழுத்து செல்லாது. வாரிசுதான் போட வேண்டும். ஆர்த்தி போட்டுக் கொடுத்தாள். கண்ணீர் விழுந்து தாளில் மை கொஞ்சம் பரவியது.

அதற்குள் மேடையில் பொன்னாடைத் தட்டு வந்துவிட்டது. தலைமை இயக்குநர் எழுந்து நின்றார். புகழேந்தி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இருந்தபடியே, தமிழ்த் திரையின் மகத்தான ஒப்பாரியைத் தந்தவரும், கணவரை இழந்த துயரத்திலும் நம்மிடையே வாழ்ந்து வருபவருமான திருமதி சரோஜா அம்மையார் மேடைக்கு வர வேண்டும் என்று கூப்பிட்டார்.

யாரும் எழவில்லை. கூட்டம் முன்னும் பின்னும் பார்த்தது. எழிலரசி மேடையை நோக்கி இரண்டடி வைத்து, பிறகு நின்றுவிட்டாள்.

சரோஜா அம்மையார் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்று புகழேந்தி மறுபடி சொன்னார். தலைமை இயக்குநர் பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

“வெளிய எங்கனா போயிருப்பாங்க. வந்துடுவாங்க, ரெண்டு நிமிஷம் பார்ப்போம்” என்றார் புகழேந்தி மைக்கில்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அப்பாசாமியும் திரும்பிப் பார்த்தார்.